இன்றைய கோலின் அன்றைய பெறுமதி

உதயகலா அந்த வருடம் அத்தனை கோல் போட்டிருக்கக் கூடாது என்பதைப் பிற்பாடு எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அவளே ஒத்துக்கொண்டாள். ஆனால் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அதை அவளுக்கு ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை.

அவள் சண்டிலிப்பாய்ப் பிள்ளை. தகப்பன் புகையிலையும் வெங்காயமும் பயிர் செய்கிறவர். அவளுக்குச் சுன்னாகத்தில், சந்தைக்கு எதிர்ப்பக்கம், போட்டோக்கொப்பிக் கடையொன்றில் வேலை. வேலை முடிந்ததும் சைக்கிளை மிதித்து வந்து வைகறை விளையாட்டுக் கழகத்தின் பெண்கள் ஹொக்கி அணியோடு சேர்ந்துகொள்வாள். பின்னேரத்தில் மட்டுமே விளையாடுகிற ஒரு கழகத்துக்கு வைகறை என்று ஏன் பெயர் வந்தது என்று இப்போது கேட்டறிய முடியாது. பெயர் வைத்தவர்கள் கனடாவில் இருக்கிறார்கள்.

அணியின் பயிற்றுநர் சிவகரன். பகலில் வீடு வீடாகப் போய் மின்மானி பார்ப்பது அவருடைய தொழில். தடுத்து ஆடுவது எப்படி என்பதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆகவே அவர் எல்லாப் பிள்ளைகளையும் முன்னுக்கு அனுப்பினார். பந்து எங்கள் பக்கம் வந்தால் அப்போது யோசிப்போம் என்பது அவருடைய கொள்கை. அந்த வருடம் பந்து வரவேயில்லை. கோல் காக்கிற ஹன்னா கால்காப்புகளையெல்லாம் வரிந்து கட்டிக்கொண்டு வெயிலில் தனியே நின்று, எதிரணியின் காப்பாளரை நினைத்துக் கவலைப்பட்டாள்.

முதலாவது ஆட்டத்தில் கரவெட்டி அணிக்கு எதிராகப் பதினொரு கோல். அதில் ஆறு உதயகலா போட்டது. ஆட்டம் முடிந்ததும் கரவெட்டிப் பயிற்றுநர் சிவகரனுடைய கையைப் பிடித்து, திரும்ப மோதும்போது பாதி நேரத்தோடு நிறுத்திக்கொள்ள ஏதும் விதி இருக்கிறதா என்று விசாரித்தார். அடுத்த ஆட்டங்களும் அப்படியேதான் போயின. உதயகலா குனிந்து ஓடுகிற விதத்தில் பந்து அவளுடைய ஸ்ரிக்கில் ஒட்டிக்கொண்டதுபோல வரும். அவளுக்கு அதில் பெருமை என்று எதுவும் இருக்கவில்லை. பகல் முழுவதும் பிறருடைய பிறப்புச் சான்றிதழ்களைப் பிரதி எடுத்துக்கொண்டு நிற்கிறவளுக்கு, பின்னேரம் ஒரு மணித்தியாலம் ஓடக் கிடைப்பது பெரிய சந்தோசமாக இருந்தது. அவ்வளவுதான்.

இருபத்தெட்டாவது கோல் விழுந்த அன்று சிவகரன் எல்லோருக்கும் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தார். குடாநாட்டில் ஒரு பருவத்தில் ஒரு பெண் போட்ட ஆகக்கூடிய கோல் இருபத்தேழு என்றும், 1969ஆம் ஆண்டு கத்தரீனா என்ற மாணவி அதைப் போட்டார் என்றும், அந்தச் சாதனை அன்றோடு முறிந்தது என்றும் அவர் சொன்னார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலைக் கேட்ட வேறு யாரோ அதைக் குடாநாட்டு ஹொக்கிச் சம்மேளனத்துக்குச் சொல்லிவிட்டார்கள்.

சம்மேளனம் என்பது ஒரு மேல்மாடி அறை. அதில் நிறையக் கதிரைகளும், காலஞ்சென்ற தலைவர்களின் படங்களும் இருந்தன. ஹொக்கி ஸ்ரிக் ஒன்றுகூட இருக்கவில்லை. ஆண்டுப் பொதுக்கூட்டம், நினைவுப் பேருரை, பொன்னாடை வைபவம் ஆகியவற்றை நடத்துவதும், அவற்றுக்கிடையில் நாள் மிஞ்சினால் சுற்றுப்போட்டியை நடத்துவதும் அதன் பணி. தலைவர் அடைக்கலநாதன் ஓய்வுபெற்ற உதவிக் கல்விப் பணிப்பாளர். செயலாளர் பஞ்சலிங்கம் ஓய்வுபெற்ற நில அளவையாளர்.

மறுநாள் காலை பஞ்சலிங்கம் போட்டோக்கொப்பிக் கடைக்கே வந்துவிட்டார். குடையை மடக்கிக் கதவடியில் சாத்தினார்.

"பிள்ளை, நீங்கள் இருபத்தெட்டுப் போட்டதாய்க் கதைக்கினம். உந்தக் கணக்கைச் சம்மேளனம் இன்னும் ஏற்கேல்லை."

"ஏன் சேர்? நடுவர் விசில் அடிச்சவர்தானே."

"விசில் இப்ப அடிச்சது. சாதனை அறுபத்தொன்பதிலை வைச்சது. ரெண்டும் ஒரே கோலோ எண்டதை ஆராயோணும்."

அதை ஆராய்வதற்குத் தலைமுறை ஒப்பீட்டுக் குழு என்று ஒன்று அமைக்கப்பட்டிருப்பதாக அவர் சொன்னார். பிறகு, அந்தக் குழுவின் முதலாவது கூட்டத்துக்கான அறிவித்தலைப் பிரதி எடுத்துத் தரும்படி கேட்டார். உதயகலா எடுத்துக் கொடுத்தாள். ஒரு பிரதி அவளுக்கு என்று அவர் ஒன்றைத் திருப்பி நீட்டினார்.

கூட்டத்துக்கு அவளும் சிவகரனும் போனார்கள். காலஞ்சென்ற தலைவர்களின் படங்களுக்குக் கீழே இருவரையும் இருத்தினார்கள். அடைக்கலநாதன் எழுந்து, மேசையில் விரல்களை ஊன்றிக்கொண்டு பேசினார். இந்தச் சம்மேளனம் எந்தத் தலைமுறையையும் எந்தத் தலைமுறையோடும் ஒப்பிடாது என்று முதலில் உறுதி கூறினார். ஒப்பிடுவது பண்பாடில்லை. இன்றைய பிள்ளைகள் அன்றையவர்களைவிட எவ்வளவு குறைவு என்பதை அளப்பது மட்டுமே குழுவின் வேலை. அதையும் அன்போடுதான் அளப்பார்கள். இளைய தலைமுறையை ஊக்குவிப்பது சம்மேளனத்தின் யாப்பு விதிகளிலேயே இருக்கிறது என்றும், ஊக்குவிக்கத்தக்க ஒரு தலைமுறை வரும்போது அது கட்டாயம் செய்யப்படும் என்றும் சொல்லி அமர்ந்தார்.

சிவகரன் மெதுவாக எழுந்து, அறுபத்தொன்பதாம் ஆண்டு ஆட்டங்களைத் தலைவர் பார்த்திருக்கிறாரா என்று கேட்டார்.

"இல்லை. நான் அப்ப மாத்தளையிலை படிச்சுக்கொண்டிருந்தனான். அதாலைதான் எனக்குப் பக்கச்சார்பு இல்லை. பாத்த ஆக்களைக் குழுவிலை போட்டால் அவை கண்டதைச் சொல்லிப்போடுவினம்."

"இந்த வருச மட்ச்சுகள் சேர்?"

"அதையும் பாக்கேல்லை. ரெண்டு பக்கத்துக்கும் ஒரே நீதி."

குழுவில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். சிவகரனும் பழக்கத்தில் தலையாட்டிவிட்டு இருந்துகொண்டார்.

அடுத்த கிழமை பஞ்சலிங்கம் அளவு நாடாவோடு சண்டிலிப்பாய் மைதானத்துக்கு வந்தார். மைதானத்தின் ஒரு கரையில் புகையிலைத் தோட்டம், மறு கரையில் மாடுகள். நடுவில் கல்லும் முள்ளும். அன்றைய மைதானங்கள் கல்லாக இருந்தன என்பதுதான் குழுவின் முதலாவது வாதம். இங்கும் கல்தான் என்று சிவகரன் காட்டினார். ஹன்னா தன்னுடைய முழங்காலைக் காட்டினாள். பஞ்சலிங்கம் குந்தியிருந்து கற்களைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். இவை கற்கள்தான், ஆனால் அன்றைய கற்கள் அல்ல என்று முடிவு செய்தார். அன்றைய கல்லில் ஒரு உறுதி இருந்தது என்றார்.

அதற்குப் பிறகு பாவாடை வந்தது. அன்றைய மாணவிகள் கணுக்கால் வரை தொங்கும் பாவாடையோடு ஓடினார்களாம். உதயகலா அணிவது முழங்காலுக்கு மேலே நிற்கிற காற்சட்டை. ஸ்ரிக் அன்று முசுக்கட்டை மரம். இன்று வேறு சாமான். சாப்பாடு அன்று ஒடியல் கூழ், இன்று நூடில்ஸ். தான் காலையில் பாணும் சம்பலும்தான் சாப்பிடுவதாக உதயகலா சொன்னாள். பாண் கூழாகாது என்று குறித்துக்கொண்டார்கள். இவை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தபோது, இன்றைய இருபத்தெட்டுக் கோல் அன்றைய பத்தொன்பதுக்குச் சமம் என்று குழு அறிவித்தது.

சிவகரனுக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. அவர் ஒரு யோசனை செய்தார். அடுத்த ஆட்டத்தில் உதயகலா கணுக்கால் வரை பாவாடை கட்டிக்கொண்டு, பழைய மர ஸ்ரிக்கோடு விளையாடட்டும். அப்போது குழு எதைக் கழிக்கும் என்று பார்ப்போம் என்றார். அம்மாவின் பழைய பாவாடையொன்றைச் சுருக்கித் தைத்துக்கொண்டு உதயகலா இறங்கினாள். ஸ்ரிக்கை மானிப்பாயில் ஒரு வீட்டிலிருந்து இரவல் வாங்கியிருந்தார்கள். முதல் பாதியில் இரண்டு தரம் தடக்கி விழுந்தாள். பிறகு பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடப் பழகினாள். ஐந்து கோல் போட்டாள்.

குழு அவசரமாகக் கூடியது. இப்படியான பாவாடையோடும் இப்படியான ஸ்ரிக்கோடும் ஒருவர் ஐந்து கோல் போடலாமென்றால், இன்றைய எதிரணிகள் குழு நினைத்திருந்ததைவிட எவ்வளவோ பலவீனமானவை என்பது நிரூபணமாகிவிட்டதாக அடைக்கலநாதன் விளக்கினார். இந்தச் சான்றைத் தாமாக முன்வந்து தந்ததற்காக வைகறைக் கழகத்துக்கு நன்றியும் தெரிவித்தார். முப்பத்து மூன்று கோல் பதினைந்தாகியது.

அதிலிருந்து ஒவ்வொரு கோலுக்கும் அவளுடைய தொகை குறைந்துகொண்டே போனது. அவள் கூடப் போடப்போட, எதிரணியினர் மோசமானவர்கள் என்பது மேலும் மேலும் உறுதியாகியது. ஒரு ஆட்டத்தில் காய்ச்சலோடு இறங்கி ஒன்றும் போடாமல் வந்தாள். இந்தத் தடவையாவது ஏதும் ஏறும் என்று எதிர்பார்த்தாள். கத்தரீனாவின் காலத்தில் காய்ச்சலோடு விளையாடியவர்களும் கோல் போட்டார்கள் என்று பஞ்சலிங்கம் கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். அதற்கும் ஒன்று குறைத்தார்கள்.

உதயகலாவுக்கு இப்போது பந்து வலைக்குள் போகும்போது இனி எத்தனை குறையும் என்றுதான் நினைவு ஓடியது. மற்றப் பிள்ளைகள் ஓடிவந்து கட்டிப்பிடிப்பார்கள். அவள் நடுவரைப் பார்ப்பாள், அவர் எதையாவது கண்டுபிடித்து விசில் ஊதமாட்டாரா என்று. அவர் ஊதமாட்டார். விளையாட்டை விட்டுவிடலாமா என்று ஒருநாள் ஹன்னாவிடம் கேட்டாள். விட்டால் அதற்கும் ஏதாவது குறைப்பார்கள் என்று ஹன்னா சொன்னாள். அது உண்மையாகவும் இருக்கலாம் என்று பட்டதால் உதயகலா விடவில்லை.

குழு இத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் நீதியான மனிதர்கள் ஆனபடியால், இடையில் யாரும் விளையாடாமல் போன வருடங்களையும் எடுத்துக்கொண்டார்கள். சண்டை நடந்த, ஊர்கள் இடம்பெயர்ந்த அந்த வருடங்களில் விளையாடியிருக்கக்கூடிய பிள்ளைகள் போட்டிருக்கக்கூடிய கோல்களை மதிப்பிட்டார்கள். அந்தத் தொகை உயர்வாக வந்தது. விளையாடாத ஆட்டங்களில் எவரும் எந்தக் கோலையும் தவறவிட்டதாகச் சான்று இல்லை என்பதே காரணம்.

அந்த மதிப்பீட்டில் உதயகலாவின் தாய்க்குப் பதினான்கு கோல் கிடைத்தது. பதினான்கு வயதில் அவர் பள்ளிக்கூட ஹொக்கி அணிக்குப் பெயர் கொடுத்திருந்தார். அந்த வருடந்தான் சண்டையில் வலிகாமம் முழுவதும் எழும்பி ஓடியது. அவர் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. இப்போது, முப்பது வருடங்கள் கழித்து, கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றைப் பஞ்சலிங்கம் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். அந்த நேரம் மகளின் தொகை பதின்மூன்றில் நின்றது.

அம்மா சான்றிதழை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"நாங்கள் அப்ப தென்மராட்சியிலை ஒரு பள்ளிக்கூட விறாந்தையிலை கிடந்தனாங்கள்," என்றார். "ஸ்ரிக்கையும் கொண்டுதான் போனனான். மழைக்கு விறகு கிடைக்கேல்லை. அம்மா அதை அடுப்புக்கை வைச்சிட்டா."

அந்தக் கதையை உதயகலா அதுவரை கேட்டதில்லை. அம்மா சான்றிதழை அலுமாரிக்குள், சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டுத் தோட்டத்து வாய்க்காலில் தண்ணீர் மாறிவிடப் போய்விட்டார்.

இறுதியாட்டத்தில் வைகறை ஒன்பது கோலால் வென்றது. பரிசளிப்பு அன்று மைதானத்தில் பந்தல் போட்டு, அரைவாசி மைதானத்தைக் கதிரைகளால் நிரப்பியிருந்தார்கள். வெற்றி தோல்வி முக்கியமில்லை என்பதே சம்மேளனத்தின் மகுட வாசகம் என்றும், அதனால் வைகறை அணி வென்றதைத் தாங்கள் பெரிதுபடுத்தவில்லை என்றும் அடைக்கலநாதன் பேசினார். தாம் இந்தப் பதவிக்கு வந்த பன்னிரண்டு வருடங்களில் ஹொக்கியின் தரம் வருடாவருடம் வீழ்ந்திருப்பதை எண்களோடு நிறுவியிருப்பதாகவும், இதற்கு முன் இருந்த எந்தத் தலைவரும் இதைச் சாதிக்கவில்லை என்றும் சொன்னபோது நீண்ட கைதட்டல் எழுந்தது. கடைசியாக, இந்தப் பருவத்தின் அதிகூடிய கோல் போட்டவருக்கான கிண்ணத்தை வாங்க ஒருவரை மேடைக்கு அழைத்தார்.

கத்தரீனா ரீச்சர் மேடைக்கு ஏறி வர நேரம் எடுத்தது. கரவெட்டியில் இருக்கும் அவர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. எழுபத்து நான்கு வயது. இரண்டு முழங்காலும் மடங்காது. கிண்ணத்தைக் கையில் கொடுத்ததும் அவர் ஒலிவாங்கியைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நான் இந்த வருசம் விளையாடேல்லை."

"அதுதான் ரீச்சரின்ரை பெருந்தன்மை," என்றார் அடைக்கலநாதன். சபை எழுந்து நின்றது.

மேடைக்குப் பின்னால் ரீச்சர் உதயகலாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார். அறுபத்தொன்பதில் மொத்தமாக நான்கு ஆட்டங்கள்தான் நடந்தன என்றார். அதில் ஒன்றுக்கு எதிரணி வந்த பஸ் பழுதாகி, அவர்கள் வந்து சேரவேயில்லை. தனக்கு ஐந்தோ ஆறோ கோல்தான் ஞாபகம். இருபத்தேழு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பாவாடையும் கணுக்கால் வரை இல்லை. முழங்காலோடு நின்றது, அதற்காக அதிபரிடம் ஏச்சு வாங்கியதுகூட நினைவிருக்கிறது. இவை எல்லாவற்றையும் குழுவுக்கு எழுதிக் கொடுத்ததாகவும், மறதிக்காக அவர்கள் தன்னுடைய தொகையில் மூன்று கோல் கூட்டிவிட்டதாகவும் சொன்னார்.

"எனக்கு வெக்கமாய்க் கிடக்கு பிள்ளை. ஆனால் இவையோடை என்னாலை கதைச்சு முடியேல்லை," என்றார்.

சில கிழமைகளில் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. இருபத்து மூன்று வயதுக்குட்பட்ட பெண்களின் தேசியக் குழாத்துக்குத் தெரிவு நடக்கிறது. உங்கள் பகுதியில் சிறந்த கோல் போடும் வீராங்கனை ஒருவரை அனுப்பவும் என்று அதில் இருந்தது. உதயகலாவுக்கு இருபத்திரண்டு முடியப் போகிறது. அடுத்த வருடம் இந்தக் கதவு அவளுக்குத் திறக்காது. அவள் அன்றிரவு அப்பாவிடம் சொன்னாள். அவர் வெங்காயம் கட்டுவதை நிறுத்திவிட்டு, போய் வா என்றார். யார் அனுப்ப வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் அப்போது நினைவுக்கு வரவில்லை.

சம்மேளனம் கத்தரீனா ரீச்சரைத் தெரிவு செய்தது.

சிவகரன் வேலைக்குப் போகாமல் நேரே மேல்மாடிக்குப் போனார். உதயகலாவும் போனாள். அடைக்கலநாதன் அவர்களை மரியாதையாக வரவேற்று இருத்தினார்.

"கொழும்பு கேக்கிறது சிறந்த ஆளை. நாங்கள் பொய் சொல்லி, குழுவின்ரை கணக்கிலை பன்ரெண்டாவதாய் நிக்கிற ஆளை அனுப்பேலுமோ?"

"சேர், அவவுக்கு எழுபத்து நாலு வயது," என்றார் சிவகரன்.

"ஆருக்கு? உந்தக் கோல்களைப் போடேக்கை ரீச்சருக்குப் பதினெட்டு. நாங்கள் அனுப்புறது அந்தக் கோல்களைப் போட்ட ஆளை. பதினெட்டெண்டுதான் எழுதியிருக்கிறம். இதிலை ஒரு எழுத்தும் பொய்யில்லை."

உதயகலாவின் முகத்தைப் பார்த்து அடைக்கலநாதனுக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும். ரீச்சருக்குப் புகையிரதத்தில் ஏறி இறங்கத் துணை வேண்டும் என்றும், உதவியாளராக அவளை நியமிக்கலாம் என்றும் அவர் சொன்னார். ஒரு பெரிய வீராங்கனையை அருகிலிருந்து பார்க்கிற வாய்ப்பு இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இலேசில் கிடைக்காது என்றார்.

ரீச்சர் போகமாட்டேன் என்று இரண்டு தரம் எழுதினார். இரண்டு தரமும் அது அவருடைய தன்னடக்கத்துக்குச் சான்றாகக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. மூன்றாம் தரம் அவர் எழுதவில்லை. உதயகலாவுக்குப் போன் எடுத்தார்.

"நான் போகாட்டில் இஞ்சையிருந்து ஒருத்தரும் போகேலாது. நீ உன்ரை ஸ்ரிக்கையும் சப்பாத்தையும் கொண்டு வா. மிச்சத்தை அங்கை பாப்பம்."

சுன்னாகத்தில் ரெயில் ஏறும்போது சம்மேளனத்தினர் ரீச்சருக்கு மாலை போட்டார்கள். உதயகலா பைகளைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். மதவாச்சி தாண்டியதும் ரீச்சர் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்து, முட்டையை அவளுக்குத் தள்ளிவிட்டார்.

கொழும்பு மைதானத்தில் நீல நிறச் செயற்கைப் புல் கம்பளம் விரித்திருந்தது. ஒரு கல்லும் இல்லை. உதயகலா குனிந்து கையால் தடவிப் பார்த்தாள். மேசையில் இருந்த அதிகாரி கழுத்தில் விசிலோடு கடிதத்தை வாசித்து, கத்தரீனா, வயது பதினெட்டு, எங்கே என்று கேட்டார். உதயகலா தன்னுடைய அடையாள அட்டையை நீட்டி, தான் உதயகலா என்றாள். அப்படியானால் நீ உதவியாளர், உதவியாளர்கள் வேலிக்கு வெளியே இருக்க வேண்டும் என்று அவர் சிங்களத்தில் சொன்னதை ரீச்சர் மொழிபெயர்த்தார். கத்தரீனா வராவிட்டால் யாழ்ப்பாணத்தின் இடத்தை வேறு மாவட்டத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்றும் அந்த அதிகாரி சொன்னார்.

ரீச்சர் ஒரு நிமிடம் தன்னுடைய முழங்கால்களைப் பார்த்தார். பிறகு அந்த அதிகாரியிடம் நல்ல ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ சொன்னார். அதிகாரி கடிதத்தையும் அட்டையையும் மாறிமாறிப் பார்த்தார். கடிதத்தில் இரண்டு இறப்பர் முத்திரைகள் இருந்தன. அட்டையில் முத்திரை இல்லை. அவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

"என்ன சொன்னனீங்கள் ரீச்சர்?"

"நீதான் கத்தரீனா எண்டு சொன்னன். பொய்தான். ஐம்பத்தாறு வருசத்துக்குப் பிறகு இப்பதான் ஆரோ என்ரை சொல்லை நம்பியிருக்கினம். போய் விளையாடு."

அந்தக் கம்பளத்தில் பந்து தண்ணீர்போல வழுக்கியது. அவளால் முதலில் பிடிக்க முடியவில்லை. பிறகு பிடித்தாள். இரண்டு பயிற்சி ஆட்டங்களில் ஏழு கோல் போட்டாள். ஒவ்வொன்றும் விழும்போது பழக்கத்தில் நடுவரைத் திரும்பிப் பார்த்தாள். ஆனால் இங்கே யாரும் எதையும் கழிக்கவில்லை. அதிகாரி வேலியடியில் நின்று, "கத்தரீனா, கத்தரீனா" என்று கத்தினார். வேலிக்கு வெளியே கதிரையில் இருந்த கத்தரீனா ரீச்சர் கைதட்டிக்கொண்டிருந்தார். பின்னேரம் பெயர்கள் வாசிக்கப்பட்டன. கத்தரீனா தெரிவாகியிருந்தார்.

அவர்கள் திரும்பி வருவதற்கு முன்னரே செய்தி வந்துவிட்டது. சுன்னாகத்தில், ரீச்சர் இரட்டைப் பின்னலோடு நிற்கிற பழைய படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பதாகை கட்டியிருந்தார்கள். பிரதி எடுத்தது உதயகலா வேலை செய்கிற கடையில். முப்பது கோலோடு இருந்த ரீச்சரின் தொகையில் கொழும்பில் விழுந்த ஏழையும் கூட்டி, சாதனை முப்பத்தேழு என்று சம்மேளனம் அறிவித்தது. எழுபத்து நான்கு வயதிலும் ஒருவர் ஏழு கோல் போடுகிறார் என்றால், அந்தத் தலைமுறையின் தரத்தைக் குழு குறைத்தே மதிப்பிட்டுவிட்டதாகப் பஞ்சலிங்கம் வருந்தினார். அந்தப் பிழையைத் திருத்தியபோது உதயகலாவுக்கு நான்கு கோல் மிஞ்சியது.

அவள் கடைசித் தடவையாக மேல்மாடிக்கு ஏறினாள். இம்முறை ரீச்சரையும் கூட்டிக்கொண்டு போனாள். படியேற ரீச்சருக்கு வெகுநேரம் ஆனது. நடந்ததை நடந்தபடி இருவரும் சொன்னார்கள். ஓடியது யார், கதிரையில் இருந்தது யார், அதிகாரியிடம் பொய் சொன்னது யார் என்று எல்லாவற்றையும் சொன்னார்கள். பெயரைத் திருத்தி ஒரு வரி கொழும்புக்கு எழுதினால் போதும் என்று உதயகலா கேட்டாள்.

அடைக்கலநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிள்ளை, தெரிவுக்குப் போனது கத்தரீனா. நீங்கள் தெரிவிலை விளையாடினதாய் ஒரு பதிவும் இல்லை. தெரிவுக்கே போகாத ஒரு பிள்ளையின்ரை பேரை நாங்கள் என்ன முகத்தோடை எழுதுறது?"

"தம்பி, நான் இஞ்சை இருக்கிறன்," என்றார் ரீச்சர். "என்னாலை உங்கடை படியே ஏறேலாமல் கிடக்கு. நான் எப்பிடி அங்கை ஓடினது?"

"அதைத்தான் ரீச்சர் நாங்களும் வியந்து பேசுறம்," என்றார் அவர்.

கீழே இறங்கி வந்து இருவரும் ஓட்டோவுக்காக நின்றார்கள். அடுத்த மாதம் பயிற்சி முகாம் தொடங்குகிறது. போனால் கத்தரீனாவாகப் போக வேண்டும். போகாவிட்டால் உதயகலாவாகக் கடையில் நிற்கலாம். மாதம் பிறந்ததும் அவள் போனாள். ஓடுவதற்கு அவளுக்கு வேறு இடம் இருக்கவில்லை.

முகாமில் அவள் நன்றாக விளையாடினாள். வெளிநாட்டு அணியொன்றோடு நடந்த சிநேகபூர்வ ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டாள். அன்று கரவெட்டியில் ரீச்சரின் வீட்டு வாசலில் வெடி கொளுத்தினார்கள். அப்பா பேப்பரில் அந்தப் பெயரைப் பார்த்து, வெட்டி எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் இரண்டு நாள் வைத்திருந்தார். பிறகு அம்மா அதை எடுத்து அலுமாரிக்குள் வைத்தார்.

லீவில் அவள் வந்தபோது பஞ்சலிங்கம் வீட்டுக்கு வந்தார். சம்மேளனம் கத்தரீனா ரீச்சருக்குச் சிலை வைக்கிறதாம். முகத்துக்குப் பழைய படம் இருக்கிறது. ஆனால் ஸ்ரிக்கோடு குனிந்து நிற்கிற நிலையில் படம் ஒன்றும் கிடைக்கவில்லை. ரீச்சரை நேரில் நிறுத்தினால் முழங்கால் மடங்குவதில்லை. சிலை செய்கிறவருக்கு ஒரு உடம்பு வேண்டும். உயரம் ஏறக்குறைய ஒத்து வருகிற பிள்ளை என்று பார்த்தபோது எல்லோருக்கும் உதயகலாவின் நினைவு வந்ததாகச் சொன்னார். வராவிட்டால் குழு வருத்தப்படும் என்றும் சொன்னார்.

அவள் போனாள். கோயில்களுக்குச் சிலை செய்கிற ஒருவருடைய வளவு அது. சீமெந்தும் கம்பியும் குவிந்து கிடந்தன. சிலை செய்கிறவர் அவளை வேப்பமரத்துக்குக் கீழே நிறுத்தி, கையில் ஸ்ரிக்கைக் கொடுத்து, பந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டு நில் என்றார். அவளுக்கு அது நினைக்க வேண்டிய விசயமில்லை. கால் தானாக அகன்றது, முதுகு தானாகத் தாழ்ந்தது. அவர் நூலால் அளந்து அளந்து கம்பியை வளைத்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

அடைக்கலநாதன் கதிரை போட்டு எதிரே இருந்து, தலையைச் சரித்து நெடுநேரம் அவளைப் பார்த்தார். அவருக்குத் திருப்தியாக இல்லை.

"இன்னும் கொஞ்சம் குனியுங்கோ பிள்ளை," என்றார். "அறுபத்தொன்பதிலை இதைவிடக் குனிஞ்சு நிண்டவை."

அவள் குனிந்தாள்.